திறக்கக் கூடாத வாளி

கிரான்பர்ன்
9 மார்ச் 2025

மோனிகா அக்காவுக்கு,

இன்று காலையில் சாற்றின் மேல் ஒரு கிராம்பு மிதந்தது. நான் கிராம்பு போடவில்லை.

எந்தச் சாறு என்று உனக்குத் தெரியாது. முதலிலிருந்து எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ கூப்பிட்டால் அம்மா ஸ்பீக்கரில் போட்டு அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடுகிறாள். நீ என்னைக் கேட்கிற கேள்விக்கும் அவளே பதில் சொல்லிவிடுகிறாள். மெசேஜ் அனுப்பினால் நீ பாதியைப் படித்துவிட்டுக் கட்டைவிரல் போடுவாய். அதனால்தான் தபால். நீயும் தபாலிலேயே பதில் எழுது.

பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் பாக்கன்ஹாம் மலைப்பக்கம் ஒரு ஆப்பிள் தோட்டத்தில் பழம் தரம் பிரிக்கிறேன் அல்லவா. யோகேஸ்வரன் அங்கிளின் வேனில்தான் எல்லோரும் போய் வருகிறோம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். தினமும் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என்ன பிள்ளை, இண்டைக்கும் கதை இல்லையோ?" என்பார். நான் சிரிப்பேன். "சரி, சிரிச்சால் அரைக் கதை" என்று வண்டியை எடுப்பார்.

தோட்டத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருக்கிறது. அடிபட்ட ஆப்பிளையெல்லாம் அங்கே பிழிந்து, சாற்றைப் புளிக்கவைத்து சைடர் போடுகிறார்கள். நுரைக்கும், கொஞ்சம் போதையும் இருக்கும். பிப்ரவரியில் ஒருநாள் அந்தப் பழத்தொட்டியின் பக்கத்தில் நின்று மோந்துகொண்டிருந்தேன். தோட்டக்காரம்மா ஜில் பின்னால் வந்து, என்ன வாசனை வருகிறது என்று கேட்டார். "கிறிஸ்மஸ்" என்றேன். அவர் போகாமல் நின்றார். அதனால் மேலே சொல்ல வேண்டியதாகிவிட்டது. நாங்கள் நாகர்கோவில் பக்கத்துக் கத்தோலிக்கர், டிசம்பரில் அம்மா பீங்கான் பரணியில் திராட்சை வைன் போடுவாள், வீடு முழுக்க இந்த வாசனைதான் என்றேன். அந்தத் தோட்டத்தில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல்முறை.

சைடர் கொட்டகைக்கு ஜூலையிலிருந்து ஒரு ஆள் வேண்டுமாம். "வீட்டில் நீயே ஒரு தடவை போட்டுப் பார். ஜூனில் எனக்குக் கொண்டுவா. கெட்டுப்போகாமல் இருந்தால் பேசலாம்" என்றார்.

அக்கா, எனக்கு அந்த வேலை வேண்டும். இதற்குமுன் எதையும் வேண்டும் என்று நான் உன்னிடம் சொன்னதில்லை.

ஆப்பிளை ஃப்ரீசரில் உறையவைத்து, இளகிய பிறகு மிக்ஸியில் அடித்து, அப்பாவின் பழைய வேட்டியில் பிழிந்தேன். கை இரண்டு நாள் வலித்தது. மூடி போட்ட ஒரு வெள்ளை வாளியில் ஊற்றி, கடையில் வாங்கிய ஈஸ்ட்டைத் தூவி, லாண்டரி அறையில் வைத்தேன். மூடியில் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. உள்ளே இருக்கிற காற்று வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. இன்று எவ்வளவு புளித்திருக்கிறது என்று அளக்கத் திறந்தேன். அப்போதுதான் கிராம்பு.

வாளி வந்த அன்றே அம்மா, "சாராயம் காய்ச்சுகதுக்கா ஆஸ்திரேலியாவுக்கு வந்தோம்?" என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே பார்ப்பதில்லை. பிறகு கிராம்பு எப்படி வந்தது?

கேத்ரின்


வெஸ்ட்மீட்
18 மார்ச் 2025

கேத்தி,

பாப்பா தூங்கும்போது எழுதுகிறேன். வரி பாதியில் நின்றால் எழுந்துவிட்டாள் என்று புரிந்துகொள்.

இதில் துப்பறிய என்ன இருக்கிறது? வீட்டில் இருப்பது மூன்று பேர். அப்பாவுக்குக் கிராம்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றே தெரியாது. நீ போடவில்லை. மிச்சம் யார்? ஏதாவது ஒன்று வீட்டில் புளித்துக்கொண்டிருந்தால் அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. டிசம்பரில் தினமும் காலை ஜெபம் முடிந்ததும் மரக்கரண்டியோடு பரணியிடம் போய் நிற்பாளே, மறந்துவிட்டாயா? "கிண்டாம விட்டா அதுக்குக் கோவம் வந்துரும்" என்பாள். இப்போது தவக்காலம் வேறு. இறைச்சியைத் தொடாமல் உன் சாராயத்தைக் கிண்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.

சிரித்தாயிற்று. இப்போது நான் சொல்வதைக் கேள்.

இங்கே பக்கத்தில் பரிசோதனைக் கூட உதவியாளர் படிப்பு ஒன்று ஜூலை நடுவில் ஆரம்பிக்கிறது. பள்ளியை முடிக்காதவர்களையும் சேர்க்கிறார்கள். உன்னை நினைத்துத்தான் தேடினேன். சின்னச் சின்னக் குழாய்களில் சீட்டு ஒட்டுவது, இயந்திரத்தில் வைப்பது. யார் முன்னாலும் நின்று பேச வேண்டாம். எங்கள் வீட்டில் முன்னறை காலியாக இருக்கிறது. பாப்பாவும் உன் முகத்தைப் பார்த்துப் பழகிக்கொள்வாள்.

கிறிஸ்மஸ் வைன் வேறு, இது வேறு. அது ஃபாதர் வரும்போது கேக்கோடு சின்ன கிளாஸில் கொடுப்பது. இதை விற்கிறார்கள். நாளைக்கு சர்ச்சில் யாராவது கேட்டால் அம்மா என்ன சொல்வாள்? "எளையவ சைடர் கொட்டகைல இருக்கா" என்றா?

யோசித்து எழுது. யோசிக்கிறேன் என்று மட்டும் எழுதாதே, அது எனக்குப் பழகிவிட்டது. சரி, எழுந்துவி


கிரான்பர்ன்
6 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

நீ சொன்னது சரி. உன் கடிதம் வந்த மறுநாள் விடியற்காலையில் எழுந்து போனேன். லாண்டரிக் கதவு பாதி சாத்தியிருந்தது. அம்மா வாளியின் மூடியைத் துணி காயப் போடுகிற கூடையின் மேல் வைத்துவிட்டு, வாய்க்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டே கிண்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மங்கள வார்த்தை ஜெபத்துக்கும் ஒரு சுற்று. ஒரு கை கோதுமையும் போட்டிருந்தாள், வைனுக்குப் போடுவது போல.

நான் சத்தம் போடாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

திறந்து திறந்து கிண்டக் கூடாது என்று எனக்குத் தெரியும். நான் படித்த எல்லா இடத்திலும் அதைத்தான் முதலில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அம்மாவிடம் சொல்லவில்லை. பள்ளியை விட்டதிலிருந்து அவள் என்னிடம் சாப்பாடு, துணி தவிர எதையும் பேசுவதில்லை. இப்போது பகலெல்லாம் வாளியைப் பார்க்காதது போல நடந்துவிட்டு, காலையில் எனக்காக வந்து நிற்கிறாள். சொன்னால் நிறுத்திவிடுவாள் என்று பயந்தேன். தினமும் படுக்கையில் கிடந்து அந்தக் கரண்டிச் சத்தத்தைக் கேட்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

போன வாரம் ஒரு பாட்டிலில் ஊற்றி வேனுக்குக் கொண்டுபோனேன். யோகேஸ்வரன் அங்கிள் மூடியைத் திறந்து மோந்தார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"பிள்ளை, இது வினாகிரி" என்றார். நாம் வினிகர் என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். "பழுதில்லை, நல்ல வினாகிரி. வெங்காயம், மிளகாய் வெட்டிப் போட்டால் அச்சாறு. ஆனால் ஜில் அம்மாவிட்டைக் கொண்டுபோகாதை, வேலை தர மாட்டா, சலாட்டுக்குத்தான் ஊத்துவா."

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாட்டிலை வாங்கி இறுக மூடிப் பைக்கு அடியில் வைத்தேன்.

வாளியில் இருந்தது எல்லாமே அப்படித்தான். ஒரு பாட்டிலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டினேன். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

தோட்டத்தில் இன்னும் பழம் இருக்கிறது, இது கடைசி ரகம். மறுபடியும் போடப் போகிறேன்.

நீ கேட்ட படிப்பைப் பற்றி யோசித்தேன். எனக்கு வேண்டாம். கிறிஸ்மஸ் வைன் எப்படி வேறு என்று எனக்குப் புரியவில்லை. போன வருடம் மூன்றாவது கிளாஸ் முடிந்ததும் பக்கத்து வீட்டு மகாதேவன் அங்கிள் நம் சோபாவில் ஷூவோடு படுத்துத் தூங்கினாரே, அது கேக்கினாலா?

கேத்ரின்


வெஸ்ட்மீட்
14 ஏப்ரல் 2025

கேத்தி,

வாய் திறக்காதவள் என்று உன்னைச் சொன்னவர்கள் உன் கடிதத்தைப் படிக்க வேண்டும்.

மறுபடியும் போடுவதென்றால் வாளி வேண்டாம். கழுத்து ஒடுக்கமான பெரிய கண்ணாடிக் குப்பி வாங்கு. அம்மாவின் கரண்டி உள்ளே நுழையாது. நீ யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பிரச்சனை முடிந்தது. குப்பியைச் சோப்புப் போட்டுக் கழுவினால் மட்டும் போதாது, பால்புட்டியில் கிருமி போகப் போடுகிற மாத்திரை கடையில் கிடைக்கும், அந்தத் தண்ணீரில் ஊறவை. இதெல்லாம் உனக்கு உதவி செய்கிறேன் என்று நினைக்காதே. கெட்டுப்போனதைக் குடித்துவிட்டு நீ ஆஸ்பத்திரியில் கிடக்கக் கூடாது என்பதற்காக.

அம்மாவிடம் மட்டும் போய், நீதான் கெடுத்தாய் என்று சொல்லிவிடாதே. உன்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒரு மணிநேரம் என் காதில்தான் அழுவாள்.

ஜூலை பன்னிரண்டாம் தேதிக்கு உனக்கு விமான டிக்கெட் போட்டுவிட்டேன். கோபப்படாதே. உன்னை விட்டால் நீ இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை என்று அந்தத் தோட்டத்திலேயே நின்றுவிடுவாய். இரண்டு வருடம் கழித்து நீயே எனக்கு நன்றி சொல்வாய்.

ஈஸ்டருக்குப் பாப்பாவின் போட்டோ அனுப்புகிறேன். மூக்கு அப்படியே உன்னுடையது.

மோனிகா


கிரான்பர்ன்
27 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

குப்பி வாங்கினேன். மாத்திரைத் தண்ணீரில் ஊறவைத்தேன். சாற்றை ஊற்றி, ஈஸ்ட் போட்டு, குழாய் வைத்த கார்க்கால் அடைத்தேன். பிறகு அதன் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். கரண்டி நுழையாதுதான். ஆனால் அம்மா கார்க்கைப் பிடுங்கிவிட்டுக் கரண்டியைத் திருப்பிக் காம்பால் கிண்டுவாள். அது நுழையும். அவளை எனக்குத் தெரியும்.

அதனால் ஈஸ்டர் மறுநாள் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்தத் தடவ நீ அதைத் தொறக்காத."

"எதைப் பிள்ளே?"

"குப்பிய."

"நான் எதுக்குத் தொறக்கேன்? அந்தப் பக்கமே நான் போறதில்ல."

நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"முப்பது வருசமா வைன் போடுகேன். ஒரு வருசம் கெட்டதுண்டா? கிண்டாம விட்டாத்தான் கெடும்."

"வைன்ல சீனி அள்ளிப் போடுகோம். சீக்கிரமே குடிச்சும் தீத்துருவோம். இதுல சீனி கெடையாது, மாசக்கணக்குல நிக்கணும். காத்துப் பட்டா வினிகர் ஆயிரும்."

"அப்போ நான்தான் கெடுத்தேன்னு சொல்லுகியா?"

அக்கா, அந்த இடத்தில் நான் வழக்கமாக என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். இல்லம்மா என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவேன். பதினொன்றாம் வகுப்பில் என்னைப் பேசச் சொல்லி நிற்கவைத்தபோதும் அதைத்தான் செய்தேன். வகுப்பை விட்டு வெளியே வந்தவள் திரும்பிப் போகவே இல்லை.

"ஆமா" என்றேன். "நான் பாத்துட்டு சும்மா இருந்தேன். அதனால நானும் சேந்துதான்."

அம்மா வெங்காயத்தை முழுக்க உரித்து முடித்தாள். எங்களுக்கு அவ்வளவு வெங்காயம் தேவையே இல்லை. மூன்றாம் நாள் பார்த்தால் குப்பியின் மேல் ஒரு கறுப்புத் துணி சுற்றியிருந்தது. "வெயில் படுகு" என்று மட்டும் சொன்னாள். கார்க்கைத் தொடவில்லை. நான் சோதித்துப் பார்த்தேன்.

உன்னிடம் அழுதாளா? அழுதிருந்தால் மன்னித்துக்கொள்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அம்மாவிடம் சொல்ல முடிந்ததால் இதையும் கேட்க முடிகிறது. நீ ஜூலையில் மறுபடியும் வேலைக்குப் போகிறாய். சுகிர்தன் அத்தானுக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. நீ என்னைப் படிக்கக் கூப்பிடுகிறாயா, பாப்பாவைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிடுகிறாயா?

கேத்ரின்


வெஸ்ட்மீட்
25 மே 2025

கேத்ரின்,

உன் கடிதம் வந்து வெகுநாளாகிவிட்டது. முதலில் கோபத்தில் பதில் எழுதவில்லை. அப்புறம் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

அம்மா அழவில்லை. போன் செய்து, "எளையவ என் மொகத்தப் பாத்து ஆமான்னு சொல்லிட்டா பிள்ளே" என்றாள். புகார் சொல்கிறாளா, பெருமைப்படுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

நீ கேட்டதற்குப் பதில்: இரண்டுக்கும்தான். படிப்பை உனக்காகத்தான் தேடினேன், அதில் பொய் இல்லை. ஆனால் காலை ஷிஃப்ட் என்றால் ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பாப்பாவைப் புது ஆளிடம் விட என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இங்கே குளிர்காலத்தில், அத்தான் இல்லாத நாட்களில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் வீடு இருட்டிவிடுகிறது. பேச ஆளில்லை. நீ பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் ஒரு ஆள் இருப்பது போல இருக்குமே என்று நினைத்தேன். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அக்கா தங்கையிடம் உதவி கேட்பதைவிடப் புத்தி சொல்வது சுலபம்.

குழந்தைகள் காப்பகத்தில் பெயர் கொடுத்துவிட்டேன். போன வாரம் போய்ப் பார்த்தேன். அங்கே விமலா என்று ஒரு அக்கா, திருச்சிக்காரர். பாப்பா அவர் வளையலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான்தான் காரில் உட்கார்ந்து அழுதேன்.

ஆனாலும் டிக்கெட்டை நான் ரத்து செய்யவில்லை. அந்த ஜில் வேலை தரவில்லை என்றால் நீ வர வேண்டும். அந்தத் தோட்டத்தில் சும்மா பழம் பொறுக்கிக்கொண்டே உனக்கு இருபது வயது ஆகிவிடக் கூடாது. இது பாப்பாவுக்காக இல்லை. ஜூன் முடிவதற்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

உன் குப்பி எப்படி இருக்கிறது?

மோனிகா


கிரான்பர்ன்
22 ஜூன் 2025

அக்காவுக்கு,

குப்பியில் குமிழ் வருவது மே கடைசியில் நின்றது. அடியில் வெள்ளையாக மண்டி படிந்து, மேலே தெளிந்து வந்தது. மேலே இருந்ததை மட்டும் குழாய் வைத்து மெதுவாகப் பாட்டில்களுக்கு இறக்கினேன். அம்மா டார்ச் அடித்தாள். தேவையே இல்லை, நல்ல பகல்தான். ஒரு சொட்டு விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். "சீனி பத்தாது" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஆனா கெடல்ல" என்றாள்.

நேற்று சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். இரண்டு பாட்டில்களைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன், ஒன்று புதியது, ஒன்று பழைய வினிகர். யோகேஸ்வரன் அங்கிள் வழியெல்லாம் மெதுவாக ஓட்டினார். வேகத்தடை வந்த இடமெல்லாம், "பிள்ளையைப் பிடியுங்கோ, பிள்ளையைப் பிடியுங்கோ" என்றார். பாட்டிலைத்தான் அப்படிச் சொன்னார். இறங்கும்போது மட்டும் கேலி செய்யவில்லை. "போட்டு வாங்கோ" என்றார், போய்விட்டு வாருங்கள் என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். என்னை அவர் வாங்கோ என்று சொன்னதே இல்லை.

கொட்டகைக்குள் குளிர். ஜில் ரப்பர் ஷூ போட்டுத் தரை கழுவிக்கொண்டிருந்தார். புதிய பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு வாய் எடுத்துத் துப்பினார். எனக்கு அப்போதே திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது. இன்னொரு வாய் எடுத்தார். அதை விழுங்கினார்.

"தண்ணியாக இருக்கிறது. இதை நான் விற்க மாட்டேன்" என்றார். "ஆனால் சுத்தமாக இருக்கிறது. முதல் தடவை போட்டதா?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். இரண்டாவது என்றேன். வினிகர் பாட்டிலையும் எடுத்து மேசை மேல் வைத்தேன். அதை மோந்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். அம்மா தினமும் திறந்து கிண்டினாள், நான் பார்த்துவிட்டும் சொல்லவில்லை என்றேன். இங்கிலீஷில் அதைச் சொல்ல எனக்கு நிறைய நேரம் ஆனது. நடுவில் இரண்டு தடவை நின்றேன். அவர் வாக்கியத்தை எனக்காக முடித்து வைக்காமல் காத்திருந்தார்.

"இங்கே யாராவது ஒரு தொட்டியைத் திறந்து போட்டுவிட்டுப் போனால்?"

"சொல்லுவேன்."

"நானே போட்டுவிட்டுப் போனால்?"

கொஞ்சம் யோசித்தேன். "உங்களிடமும் சொல்லுவேன். உடனே வராது. ஆனால் சொல்லுவேன்."

அவர் சிரிக்கவில்லை. வாரத்தில் மூன்று காலை, தொட்டி கழுவுகிற வேலை மட்டும்தான் இப்போதைக்கு என்றார். ஆகஸ்டில் பதினெட்டு ஆன பிறகு மற்றதைப் பார்க்கலாம். சைடர் எப்படிப் போடுவது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தர மாட்டார்கள், கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார். மிச்ச நாட்களில் எப்போதும் போலப் பழம் பிரிக்கலாம்.

அதனால் ஜூலை பன்னிரண்டாம் தேதி நான் வரவில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிடு. பெரிய வேலை இல்லை என்று நீ சொல்வாய். தெரியும். தொட்டி கழுவுகிற வேலைதான். அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். "தொட்டியா? எவ்வளவு பெருசு?" என்று கேட்டாள். நம் குளியலறை அளவு என்றேன். "அவ்வளத்தயும் யாரு கிண்டுவா?" என்றாள்.

செப்டம்பரில் தோட்டத்தில் எங்களுக்கு வேலை குறைவு. அப்போது இரண்டு வாரம் உன்னிடம் வருகிறேன். நானே டிக்கெட் போட்டுக்கொள்கிறேன். அத்தான் ஊரில் இல்லாத வாரங்கள் எவை என்று எழுது. நான் அதிகம் பேச மாட்டேன், ஆனால் மாலை ஐந்து மணிக்கு விளக்கைப் போடுவேன். பாப்பாவை என்னிடம் விட்டுவிட்டு நீ தூங்கலாம்.

நேற்று என்ன நடந்தது என்பதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. திங்கட்கிழமை வா என்று ஜில் சொல்வார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் கையில் இருந்த தண்ணீர்க் குழாயை என் பக்கம் நீட்டினார். நான் ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக் குழாயை வாங்கி, கோடியில் இருந்த தொட்டியிலிருந்து ஆரம்பித்தேன்.

கேத்ரின்